ட்ரையத்லான் சைக்கிளில் உட்காரும் நிலையும் தண்ணீர் ஏற்பாடும்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடியற்காலையில் சங்ககிரிச் சாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காடு மலைப்பாதையிலும் பயிற்சி செய்யும் சிறு குழுவொன்றில் நானும் ஒருவன். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் ட்ரையத்லான் போட்டிக்கான சைக்கிளைப் புதிதாக வாங்குகிறவர்கள் எங்களிடம் முதலில் கேட்பவை இரண்டு: எப்படி உட்காருவது, தண்ணீரை எங்கே வைப்பது. இரண்டையும் தனித்தனியாகவே கேட்கிறார்கள். பல ஆண்டுகள் தவறாகச் செய்து பார்த்த பிறகு, இவை இரண்டும் ஒரே கேள்வி என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். கைக்கு எட்டாத தண்ணீரை ஓட்டும்போது யாரும் குடிப்பதில்லை. ஒவ்வொரு மிடறுக்கும் குலைக்க வேண்டியிருக்கும் நிலையில் யாரும் நெடுநேரம் உட்கார்ந்திருப்பதும் இல்லை. கீழே உள்ள விடைகள் அந்த எண்ணத்தோடு எழுதப்பட்டவை.

ட்ரையத்லான் சைக்கிள் சாதாரண ரோட் சைக்கிளிலிருந்து எதில் வேறுபடுகிறது?

ஹேண்டில்பாரைப் பார்த்துத்தான் பலர் வேறுபாட்டை அறிகிறார்கள். உண்மையான வேறுபாடு சீட்டுக்குக் கீழே இருக்கிறது. ரோட் சைக்கிளில் சீட்டைத் தாங்கும் குழாய் தரையோடு 72 முதல் 74 டிகிரி வரை சாய்ந்திருக்கும். ட்ரையத்லான் சைக்கிளில் அது 76 முதல் 80 டிகிரி வரை நிமிர்ந்து நிற்கும். இதனால் ஓட்டுபவரின் உடல் முழுவதும், பெடல் தண்டுகள் சுழலும் கிராங்க் அச்சை மையமாகக் கொண்டு திருப்பப்பட்டதுபோல் முன்னோக்கி நகர்கிறது. முதுகு தாழ்ந்தாலும் தொடைக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள இடைவெளி சுருங்காமல் இருப்பதற்கு இந்த நகர்வே காரணம். சைக்கிளை விட்டு இறங்கியவுடன் ஓட வேண்டிய விளையாட்டில் அந்த இடைவெளியின் மதிப்பு பெரிது.

முழங்கையை ஊன்றி ஓட்டும் ஏரோபார் 1980களின் பிற்பகுதியில் ட்ரையத்லான் வீரர்களிடம்தான் முதலில் பரவியது. 1989ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாளில், 50 வினாடிகள் பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட் அந்தக் கம்பிகளைப் பிடித்து ஓட்டி, லோராந் ஃபின்யோனை 8 வினாடி வேறுபாட்டில் வென்ற பிறகே மற்றவர்கள் அதைத் திரும்பிப் பார்த்தார்கள்.

என்னிடம் ரோட் சைக்கிள்தான் இருக்கிறது. அதில் ஏரோபார் பொருத்தினால் போதாதா?

முதல் ஓரிரு போட்டிகளுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் கம்பியை மட்டும் பொருத்திவிட்டுச் சீட்டை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டால், எட்டாத கம்பியை எட்டிப் பிடிப்பதற்காக நீங்கள் சீட்டின் நுனிக்கு நழுவிக்கொண்டே இருப்பீர்கள். அல்லது தொடை வயிற்றில் இடிக்கும். சீட்டை அதன் தண்டவாளத்தில் இயன்றவரை முன்னுக்குத் தள்ளுங்கள். பின்னோக்கி வளைந்த சீட் கம்பியாக இருந்தால், அதற்குப் பதிலாக நேரான கம்பி ஒன்றை வாங்கிப் பொருத்துங்கள். அதற்கு மேலும் தேவைப்பட்டால், ஹேண்டில்பாரைச் சட்டகத்தோடு இணைக்கும் ஸ்டெம்மைக் குட்டையானதாக மாற்றலாம். எவ்வளவு மாற்றினாலும் ரோட் சைக்கிளின் முன்பகுதி இதற்காக வடிவமைக்கப்பட்டதன்று. எடை முன்னால் கூடும்போது திருப்பம் சற்று நடுக்கமாக இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எதை முதலில் சரிசெய்ய வேண்டும்?

சீட்டின் உயரம், பிறகு சீட்டின் முன்பின் இடம், பிறகு ஏரோபாரில் முழங்கையை ஊன்றும் திண்டுகளின் உயரம், பிறகு அவற்றின் தூரம், கடைசியாகப் பாட்டில்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பாட்டில் தாங்கியை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்பக் கைகளை அகட்டி வைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். செருப்புக்கேற்பக் காலை வெட்டிய கதைதான்.

வீட்டிலேயே அளவெடுக்க முடியுமா? சேலத்தில் அதற்கென்று கணினி வைத்த கூடம் எதற்கும் போக வேண்டுமா?

முடியும். கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டம் ஒன்றும், தூக்குக்குண்டு ஒன்றும், நிலையாக ஓட்டுவதற்கான டிரெய்னரும், பக்கவாட்டிலிருந்து காணொளி எடுக்க ஒரு கைப்பேசியும் போதும். டிரெய்னரில் பூட்டிய சைக்கிளின் இரு சக்கரங்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்பதை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பின்சக்கரம் இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்திருந்தாலும் மற்ற எல்லா அளவுகளும் பொய்யாகிவிடும்.

உயரத்துக்குத் தொடக்கக் கணக்கு ஒன்று உண்டு. வெறுங்காலுடன் சுவரில் சாய்ந்து நின்று, கவட்டிலிருந்து தரை வரையுள்ள நீளத்தை அளந்து, அதை 0.883ஆல் பெருக்க வேண்டும். 80 சென்டிமீட்டர் என்றால் விடை 70.6. கிராங்க் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை அந்த நீளம் இருக்கட்டும். இது தொடக்கம் மட்டுமே. காணொளியை நிறுத்திப் பார்க்கும்போது, பெடல் அடியில் இருக்கும் கணத்தில் முழங்கால் ஏறத்தாழ 25 முதல் 35 டிகிரி வரை மடிந்திருக்க வேண்டும். இடுப்பு இருபுறமும் ஆடினால் சீட் உயரம் அதிகம். முழங்காலின் முன்புறம் வலித்தால் பெரும்பாலும் உயரம் குறைவு.

முன்பின் இடத்துக்குத் தூக்குக்குண்டை எடுங்கள். சீட்டின் நுனியிலிருந்து நூலைத் தொங்கவிட்டால் ரோட் சைக்கிளில் அது கிராங்க் அச்சுக்குப் பல சென்டிமீட்டர் பின்னால் விழும். ட்ரையத்லானில் அது அச்சுக்கு நெருங்கி வருவதும், சிலருக்கு அதைத் தாண்டி முன்னால் விழுவதும் இயல்பே. சீட்டின் நுனி அச்சுக்கு 5 சென்டிமீட்டர் பின்னால் இருக்க வேண்டும் என்பது சர்வதேச சைக்கிள் பந்தயச் சம்மேளனத்தின் நெடுங்கால விதியாக இருந்தது. பெரும்பாலான ட்ரையத்லான் போட்டிகளுக்கு அது பொருந்தாது.

இங்கே பலர் மறப்பது ஒன்று உண்டு. சீட்டை முன்னால் தள்ளும்போது அது பெடலுக்கும் நெருங்குகிறது. ஒவ்வொரு சென்டிமீட்டர் முன்நகர்வுக்கும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் உயர்த்தினால்தான் காலின் நீட்சி மாறாமல் இருக்கும். 4 சென்டிமீட்டர் தள்ளிவிட்டு உயரத்தைத் தொடாமல் விட்டவருக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்துவிட்டது என்று பொருள். முழங்கால் வலியோடு என்னிடம் வந்தவர்களில் பலருக்கு நோய் இதுவாகவே இருந்தது.

முழங்கைத் திண்டுகளை எங்கே வைப்பது?

தோள்பட்டையிலிருந்து மேற்கை ஏறக்குறைய நேர் கீழாகவோ சற்றே முன்சாய்ந்தோ இறங்கி, முழங்கைக்குச் சற்று முன்னால் முன்கையின் சதைப்பகுதி திண்டில் படிய வேண்டும். மேற்கைக்கும் உடலுக்கும் இடையே ஏறத்தாழ செங்கோணம் இருக்கும். உங்கள் எடையை எலும்பு தாங்க வேண்டும், தசை தாங்கக் கூடாது என்பதே இதன் நோக்கம். பத்து நிமிடத்தில் தோள் கடுத்தால் திண்டு வெகுதூரத்தில் இருக்கிறது. முழங்கால் முழங்கையை உரசினால் மிக அருகில் இருக்கிறது.

கையின் முனையில் பிடிக்கும் கம்பிகளை 10 முதல் 20 டிகிரி வரை மேல்நோக்கிச் சாய்த்து வைப்பதை நான் விரும்புகிறேன். மணிக்கட்டு தளர்வாக இருக்கிறது; மேடுபள்ளத்தில் உடல் முன்னுக்கு வழுக்குவதும் குறைகிறது. இன்னொரு பயன், இரு முன்கைகளுக்கும் இடையே பாட்டில் படுக்க ஒழுங்கான பள்ளம் கிடைப்பது.

எவ்வளவு தாழ்வாகக் குனிகிறோமோ அவ்வளவு வேகம் என்கிறார்களே?

காற்றின் எதிர்ப்பில் பெரும்பகுதி சைக்கிளால் வருவதன்று, உடலால் வருவது. எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறுகிறது. அதை வெல்லத் தேவைப்படும் திறன் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. ஆகவே குனிவதற்குப் பயன் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பயன் குனிந்திருக்கும் நேரத்துக்கு மட்டுமே கிடைக்கும். மிகத் தாழ்ந்த நிலையில் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு, கழுத்து வலி தாங்காமல் நிமிர்ந்து மீதி இரண்டரை மணி நேரத்தைக் கழிப்பவரைவிட, இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்த திண்டுகளில் மூன்று மணி நேரமும் அசையாமல் இருப்பவர் முந்திச் செல்வார்.

நான் எல்லோருக்கும் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. டிரெய்னரில் போட்டி வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முழங்கையை எடுக்காமல், தலையை உயர்த்தாமல், ஒரு வாய் நிறையக் குடித்து விழுங்குங்கள். விழுங்கும்போது மூச்சு முட்டினாலோ, இடுப்பு நகர்ந்தாலோ, பெடலின் சீர் தடுமாறினாலோ திண்டுகளை ஐந்து மில்லிமீட்டர் உயர்த்தி மறுபடியும் சோதியுங்கள். தடையில்லாமல் குடிக்க முடிகிற மிகத் தாழ்ந்த நிலை எதுவோ, அதுவே உங்கள் நிலை. காற்றெதிர்ப்பை அளக்கும் காற்றுச் சுரங்கத்தில் வேறு விடை வரலாம். சித்திரை வெயிலில் கொண்டலாம்பட்டி தாண்டும்போது இந்த விடைதான் செல்லும்.

உட்காரும் இடத்தில் மரத்துப்போகிறது. பொறுத்துக்கொண்டால் பழகிவிடுமா?

பழகாது, பொறுக்கவும் கூடாது. உடல் முன்னால் சாயும்போது எடை உட்காரும் எலும்புகளிலிருந்து விலகி, அவற்றுக்கு முன்னுள்ள மென்மையான பகுதியில் விழுகிறது. அங்கே நரம்புகளும் இரத்தக் குழாய்களும் நசுங்குவதன் அடையாளமே மரத்துப்போதல். நுனி பிளந்த, குட்டையான சீட்டுகள் இதற்காகவே செய்யப்படுகின்றன. நுனியை ஒன்றிரண்டு டிகிரி கீழே சாய்த்துப் பாருங்கள். அதிகம் சாய்த்தால் எடை முழுவதும் கைகளுக்குப் போய்விடும். நிலை மாற்றிய பிறகும் மரத்தல் தொடர்ந்தால் மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

சேலத்து வெயிலில் மணிக்கு எவ்வளவு குடிக்க வேண்டும்?

இதற்கு ஊருக்குப் பொதுவான விடை கிடையாது. ஒரே சாலையில் ஒரே நேரத்தில் ஓட்டும் இருவரில் ஒருவர் மணிக்கு அரை லிட்டரும் மற்றவர் ஒன்றரை லிட்டரும் வியர்க்கலாம். உங்கள் அளவை நீங்களே கண்டுபிடிக்க ஒரு எடைப்பொறி போதும். ஓட்டுவதற்கு முன் ஆடையின்றி எடை பாருங்கள். ஒரு மணி நேரம் போட்டி வேகத்தில் ஓட்டி, வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடியும் பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர். இடையில் குடித்ததை அதோடு கூட்ட வேண்டும். சிறுநீர் கழித்திருந்தால் அதைக் கழிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 65 கிலோ எடையுள்ளவர் 64.2 கிலோவாகத் திரும்பி, நடுவில் அரை லிட்டர் குடித்திருந்தால் அவருடைய வியர்வை மணிக்கு 1.3 லிட்டர். 90 கிலோமீட்டரை மூன்று மணி நேரத்தில் முடிப்பவராயின் மொத்த இழப்பு 3.9 லிட்டர். உடல் எடையில் 2 சதவீதம் வரை இழப்பதைப் பெரும்பாலோர் தாங்குவார்கள். இவருக்கு அது 1.3 லிட்டர். எஞ்சிய 2.6 லிட்டரை அவர் சைக்கிளின் மேல் குடித்தே ஆக வேண்டும். தன்னுடைய கணக்கைப் போட்டு முடித்தவுடன், ஒற்றைப் பாட்டில் தாங்கியோடு வந்தவர்கள் வாய்பிளப்பதைக் காண்பது எனக்கு வாடிக்கையாகிவிட்டது.

இந்தச் சோதனையை மார்கழியில் ஒருமுறையும் பங்குனியில் ஒருமுறையும் செய்யுங்கள். இரண்டு எண்களும் ஒன்றாக இருக்காது.

அதிகமாகக் குடித்தால் தவறில்லையே?

தவறுதான், ஆபத்தும்கூட. வியர்வையைவிட அதிகமாக, அதுவும் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போனால் இரத்தத்தில் சோடியத்தின் செறிவு இறங்கும். தலைவலி, வாந்தி, குழப்பம் எனத் தொடங்கி உயிருக்கே கேடாக முடியலாம். ஓட்டி முடித்தபோது எடை கூடியிருந்தால் நீங்கள் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள் என்பது உறுதி. மெதுவாக ஓட்டி நெடுநேரம் எடுத்துக்கொள்கிறவர்களுக்கே இந்த ஆபத்து மிகுதி.

பாட்டிலில் என்ன ஊற்றுவது? நீர்மோரும் இளநீரும் போதாதா?

ஒரு மணி நேரத்துக்குக் குறைவான பயிற்சிக்குத் தண்ணீரே போதும். அதற்கு மேல் போனால் சர்க்கரையும் உப்பும் தேவை. மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து என்பது வழக்கமான அளவு; பழகிய குடல் இருப்பவர்கள் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்த பானத்தில் 90 கிராம் வரை போகிறார்கள்.

நான் பயிற்சிக்குக் கலப்பது எளிமையானது. ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, அரை மூடி எலுமிச்சை. கால் தேக்கரண்டி என்பது ஏறத்தாழ ஒன்றரை கிராம் உப்பு. அதில் 600 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகச் சோடியம் இருக்கும். வண்டியில் விற்கும் எலுமிச்சை சர்பத்தை உப்புப் போட்டுக் கேட்பதுபோல்தான் இதன் சுவை. சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்; இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். எனவே ஓட்டி முடித்த பின் சாலையோரத்தில் குடிக்க அதைவிடச் சிறந்தது இல்லை, பாட்டிலில் ஊற்றிப் போக ஏற்றது அன்று. நீர்மோரைப் பற்றி அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு வைகாசி மாதம் இறுக மூடிய பாட்டிலில் மோரோடு புறப்பட்டேன். வாழப்பாடி வருவதற்குள் அது புளித்துப் பொங்கி, மூடியைத் திறந்தபோது பாதி என் முகத்திலும் மீதி கண்ணாடியிலும் இருந்தது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வயிற்றுப்போக்குக்காக வகுக்கப்பட்டது. ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ் மட்டுமே இருப்பதால் உப்புக்கு உதவும், உடலுக்கு வேண்டிய தெம்புக்குப் போதாது.

பாட்டிலைப் பாதி நிரப்பி உறைபெட்டியில் சாய்த்துப் படுக்கவைத்து, காலையில் மீதியை ஊற்றிக்கொண்டால் முதல் ஒரு மணி நேரத்துக்குக் குளிர்ச்சி நிற்கும். வெதுவெதுப்பான இனிப்புத் தண்ணீரைக் கை தேடிப் போகாது. குளிர்ந்ததைத் தேடிப் போகும்.

சரி, பாட்டில்களை எங்கே பொருத்துவது?

முதல் பாட்டில் இரு முன்கைகளுக்கு இடையே. சாதாரண வட்டப் பாட்டிலைத் தாங்கியோடு ஏரோபார்களுக்கு நடுவில் படுக்கவைத்துக் கட்டலாம். அல்லது உறிஞ்சுகுழல் வைத்த தொட்டி போன்ற பாட்டிலைப் பொருத்தலாம். படுத்திருக்கும் வட்டப் பாட்டில் கைகளுக்கிடையே உள்ள வெற்றிடத்தை நிரப்புவதால், பலருக்குக் காற்றெதிர்ப்பு கூடுவதில்லை. சிலருக்குச் சற்றுக் குறையவும் செய்கிறது. விலையும் மிகக் குறைவு. ஆனால் எடுத்துக் குடிப்பதற்கு ஒரு கையை விடுவிக்க வேண்டும். உறிஞ்சுகுழலோ வாய்க்கு நேராகவே நிற்கிறது. கண்ணெதிரே குழல் ஆடிக்கொண்டிருப்பது ஒரு நினைவூட்டல் மணிபோல. எங்கள் குழுவில் குழலுக்கு மாறிய ஒவ்வொருவரும் முன்பைவிட அதிகமாகக் குடிக்கிறார்கள். நம்முடைய வெயிலில் நான் அதற்கே வாக்களிப்பேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. முன்னால் முக்கால் லிட்டர் தண்ணீர் திருப்பும் கைப்பிடியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நிறைந்த பாட்டிலோடு ஓட்டிப் பழகாதவர் முதல் திருப்பத்தில் தடுமாறுவார். ஆகவே பயிற்சியிலும் அதை நிரப்பியே ஓட்டுங்கள்.

இரண்டாவது இடம் சீட்டுக்குப் பின்னால். முதுகின் நிழலில் மறைந்திருப்பதால் ஒரு பாட்டிலுக்குக் காற்றில் தண்டனை அதிகம் இல்லை. மூன்றாவது இடம் சட்டகத்தின் முக்கோணம். அங்கே வட்டப் பாட்டில் வைப்பதானால், ஹேண்டில்பார் பக்கமிருந்து கிராங்க் அச்சுக்கு இறங்கும் முன்சாய்வுக் குழாயைவிடச் சீட் குழாயில் வைப்பது பொதுவாகக் காற்றுக்கு நல்லது. குட்டையான சட்டகம் உள்ளவர்களுக்கு, சிறப்பாகப் பெண்கள் பலருக்கு, முக்கோணத்தில் ஒரு பாட்டில்கூடச் சிரமமாகவே நுழையும். அவர்களுக்கு முன்னும் பின்னும் வைப்பதுதான் வழி.

நீண்ட தூரத்துக்கு என் ஏற்பாடு இது: முன்னால் குழல் வைத்த பாட்டிலில் வெறும் தண்ணீர், பின்னால் இரண்டு மணி நேரத்துக்கான அடர்த்தியான இனிப்புக் கலவை, முக்கோணத்தில் டியூபும் டயர் நெம்பும் கருவியும் அடைத்த வெற்றுப் பாட்டில்.

பின்னால் வைத்த பாட்டில் வழியில் விழுந்துவிடுகிறது. என்ன செய்வது?

எனக்கும் தொப்பூர்ச் சாலையில் ஒன்று விழுந்தது. சத்தமே கேட்காததால், பன்னிரண்டு கிலோமீட்டர் கடந்து கையை நீட்டியபோதுதான் தெரிந்தது. நம் ஊரில் சுங்கச்சாவடிக்கு முன்னும் ஊர் எல்லைகளிலும் போடும் வரிசை வரிசையான வெள்ளைப் பட்டைகள் எந்தப் பாட்டிலையும் மேல்நோக்கித் துள்ளவைக்கும். தாங்கியைச் செங்குத்தாக வைக்காமல் சற்றே சாய்த்து வையுங்கள். இறுக்கமாகக் கவ்வும் தாங்கியாக வாங்குங்கள். தாங்கியின் உட்புறத்தில் பழைய டியூபின் துண்டு ஒன்றை ஒட்டினாலும் பிடிப்பு கூடும். இரண்டு தாங்கிகளுக்குப் பதில் ஒன்றே வைத்தால் திருகுகளின் மேல் பாரம் குறையும். பின்னால் வருகிறவரின் சக்கரத்தில் உங்கள் பாட்டில் சிக்கினால் விழுவது அவர் என்பதால், இதைச் சிறிய தொல்லை என்று விட்டுவிட முடியாது.

ஏற்காடு ஏறும்போது ஏரோபாரைப் பிடிக்க வேண்டுமா?

வேண்டாம். சமவெளியில் 36 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் மலையில் 12 கிலோமீட்டரில் போகும்போது, காற்றின் எதிர்ப்பு விசை ஒன்பதில் ஒரு பங்காகிவிடுகிறது. அங்கே எதிரி புவியீர்ப்பு. பக்கக் கைப்பிடியைப் பிடித்து, மார்பை விரித்து, நிமிர்ந்து மூச்சு வாங்கி ஏறுங்கள்.

இந்த ஏற்றத்தில் பாட்டிலின் எடையைக் குறித்துப் பலர் கவலைப்படுவதால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. ஒரு லிட்டர் தண்ணீரை 1,200 மீட்டர் தூக்க ஏறத்தாழ 12 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். 200 வாட் திறனோடு சீராக மிதிப்பவருக்கு அது ஒரு நிமிடம். தண்ணீர் இல்லாமல் ஏறி, பதினைந்தாவது கொண்டை ஊசி வளைவில் கால் பிடித்துக்கொண்டால் இழப்பது ஒரு நிமிடம் அன்று.

மலை குளிர்ச்சி என்ற நினைப்பும் ஏமாற்றும். மேலே நகரத்தைவிட எட்டு டிகிரி அளவுக்குக் குறைவாக இருக்கலாம். ஆனால் அடிவாரத்தை ஒட்டிய வளைவுகளில் வெப்பநிலை சேலத்தினுடையதுதான். வேகம் இல்லாததால் முகத்தில் காற்றும் இல்லை. சமவெளியில் காற்று உலர்த்திக்கொண்டு போன வியர்வை இங்கே மூக்கு நுனியிலிருந்து சொட்டும். எனவே முதல் பத்து வளைவுகளில்தான் அதிகம் குடிக்க வேண்டும். வளைவின் உள்விளிம்பு செங்குத்தாக இருக்கும். அதைக் கடந்து சாலை சற்றே தணியும் இடத்தில் குழலை வாயில் வையுங்கள். பாட்டிலைத் தடுப்புச்சுவரில் வைத்துவிட்டுப் படம் எடுக்காதீர்கள். குரங்குகள் மூடியைத் திறக்கக் கற்றிருக்கின்றன.

இறங்கும்போது?

இறங்கும் பாதை முழுவதிலும் முழங்கை திண்டைத் தொடக் கூடாது. ஏரோபாரின் முனையில் கியர் உண்டு, பிரேக் இல்லை. பிரேக் பக்கக் கைப்பிடியில் இருக்கிறது. இருபது வளைவுகளிலும் வேகத்தை வளைவுக்கு முன்பே நேரான பகுதியில் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கை விட்டு உருளவிடுங்கள். தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் விளிம்பு பிரேக் உள்ள சக்கரம் கொதிக்கும். கார்பன் விளிம்பாயின் சேதமடையவும் கூடும், மலைக்கு அலுமினியமே நல்லது. ஏறும் வண்டிக்கே வழியில் முன்னுரிமை. குடிக்க வேண்டுமென்றால் நின்று குடியுங்கள். முன் பாட்டில் காலியாக இருப்பது திருப்பத்துக்கு இன்னும் நல்லது.

தொப்பூர்க் கணவாய் இறக்கத்துக்கும் இதுவே பொருந்தும். அங்கே வளைவைவிட லாரிகள்தான் ஆபத்து.

ஆடிக் காற்றில் என்ன மாற்றம் செய்ய வேண்டும்?

அம்மியும் பறக்கும் என்று சொல்லப்பட்ட காற்று மேற்கிலிருந்து வருகிறது. சங்ககிரி நோக்கிப் போகும்போது பெரும்பாலும் எதிர்க்காற்று; குனிந்திருப்பதன் பயனை ஒருவர் ஒரே நாளில் உணர அதைவிட நல்ல பாடம் இல்லை. பக்கக்காற்றுத்தான் தொல்லை. பேருந்து உங்களைக் கடந்து செல்லும் கணத்தில் காற்று நின்று மறுபடியும் அறையும். அந்த நேரத்தில் ஒரு கையில் பாட்டில் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் உயரமான விளிம்புள்ள முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சாதாரணச் சக்கரத்தை மாட்டுங்கள். எதிர்க்காற்றில் வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால் வியர்க்கவே இல்லை என்று தோன்றும். அதை நம்பாமல், வேகமும் நேரமும் காட்டும் சைக்கிள் கருவியில் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிக்கும்படி வைத்துக் குடியுங்கள்.

போட்டி நாளில் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

ஒலிம்பிக் தூரம் என்னும் 40 கிலோமீட்டருக்கு நீங்களே எல்லாவற்றையும் சுமந்து செல்லலாம். 2019இல் கோவாவில் தொடங்கிய அரை அயர்ன்மேன் போன்ற 90 கிலோமீட்டர் போட்டிகளில் வழியில் தரும் தண்ணீரை வாங்கியே ஆக வேண்டும். அங்கே கையில் தரப்படுவது பெரும்பாலும் வட்டப் பாட்டில். சட்டகத்துக்கென்று தட்டையாகச் செய்த அழகான பாட்டில் மட்டும் வைத்திருப்பவர், வாங்கியதை எங்கே செருகுவது என்று விழிப்பார். ஒரு வட்டத் தாங்கியையாவது காலியாக வைத்திருங்கள். காலிப் பாட்டிலை அதற்குக் குறிக்கப்பட்ட எல்லைக்குள் மட்டுமே எறியுங்கள். வெளியே எறிந்தால் தண்டனை உண்டு. நீந்தி முடித்துச் சைக்கிளில் ஏறியவுடன் இனிப்பைக் குடிக்காமல், பத்து நிமிடம் மூச்சு தணிந்த பிறகு தொடங்குவது வயிற்றுக்கு நல்லது.

சைக்கிளைப் பராமரிப்பதில் இதனால் ஏதாவது கூடுதல் வேலை உண்டா?

உண்டு, அதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. குனிந்து ஓட்டும்போது முகத்து வியர்வையும் குழலிலிருந்து சிந்தும் இனிப்பும் நேராக ஸ்டெம்மின் மேலும், ஹேண்டில்பார் திரும்பும் மூட்டான ஹெட்செட்டின் மேலும் விழுகின்றன. ஆறு மாதம் துடைக்காமல் விட்டால் திருகுகளில் துரு ஏறி, பால் பேரிங்கும் கரகரக்கத் தொடங்கும். ஒவ்வொரு முறையும் ஈரத் துணியால் துடைத்துவிட்டு உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். ஆண்டுக்கு இருமுறை ஹெட்செட்டைப் பிரித்து கிரீஸ் வையுங்கள். உறிஞ்சுகுழலின் உட்புறத்தில் இரண்டே நாளில் கறுப்புப் பூசணம் பிடிக்கும் என்பதால், குழந்தைகளின் பால்புட்டிக்கு விற்கும் மெல்லிய தூரிகையால் வெந்நீர் விட்டுத் தேய்த்து, குழலைத் தனியே கழற்றி நிழலில் தொங்கவிடுங்கள். முழங்கைத் திண்டின் துணி உறையை மாதம் ஒருமுறையாவது சோப்பில் துவைக்க வேண்டும். துடைக்காத சைக்கிளை எங்கள் வீட்டுக் கூடத்துக்குள் கொண்டுவர அனுமதியில்லை.